இலையைக் கடைசியில் வாங்குங்கள்: யாழ்ப்பாணத்தில் சீனத் தேத்தண்ணி பழக ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டில் தேத்தண்ணி என்றால் கடும் சாயம், இரண்டு கரண்டி சீனி, பின்னேரமென்றால் பக்கத்தில் ஒரு உழுந்து வடை. அப்படிப்பட்ட வீட்டில் ஒருநாள் சீனத்துப் பச்சைத் தேயிலையை ஊற்றி அம்மாவிடம் நீட்டினேன். ஒரு மிடறு குடித்தவர் கோப்பையைத் திரும்பத் தந்துவிட்டார். "உதென்ன தம்பி, வேப்பிலை அவிச்ச தண்ணியே? மேலை ஆடையும் படர்ந்து கிடக்கு."

அம்மா சொன்னதில் பிழையில்லை. இலை நல்ல இலைதான். கனடாவிலிருந்து மச்சாள் கொண்டுவந்தது. கெடுத்தது நான். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, ஐந்து நிமிடம் மூடியும் வைத்துவிட்டேன். அதன் பிறகு இரண்டு வருடம் தட்டுத்தடுமாறித்தான் இதைப் பழகினேன். பிழையான இலை, பூஞ்சணம் பிடித்த இலை, கைக்கு வராத பார்சல் என்று 40,000 ரூபாவுக்குக் கிட்டப் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, கையைக் கடிக்காமல் இதைப் பழக விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எல்லோரும் இலையை வாங்கிய பிறகுதான் மற்றதை யோசிக்கிறோம். அதைத் தலைகீழாக்குங்கள். முதலில் தண்ணீர், பிறகு சாமான், அதற்குப் பிறகே இலை.

1. தண்ணீரைச் சரிசெய்யுங்கள்

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதற்குள் கிடந்து வருகிற எங்கள் கிணற்று நீரில் கல்சியம் நிறைய. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறதே, அதுதான். பாலும் சீனியும் போட்டால் இந்தக் குறை தெரியாது. மெல்லிய இலையில் உடனே தெரியும்: வாசம் அமுங்கிவிடும், சாயம் மங்கிக் கறுக்கும், மேலே எண்ணெய் ஊற்றியதுபோல ஆடை படரும். அம்மா கண்டது அந்த ஆடையைத்தான்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "எங்கடை கிணறு நல்ல தண்ணி" என்பார்கள். உவர் இல்லை என்பதுதான் அதற்குப் பொருள். உவர் இல்லாத தண்ணீரிலும் சுண்ணாம்பு தாராளமாக இருக்கும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே அளவான மூன்று கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் கிணற்று நீர், ஒன்றில் சுத்திகரித்து விற்கும் குடிநீர், ஒன்றில் மழைநீர். மூன்றிலும் ஒரே தேயிலை இரண்டு கிராம், ஒரே சூடு, மூன்று நிமிடம். இதற்குச் சீனத் தேயிலைகூட வேண்டாம், கடையில் வாங்கும் எங்கள் நாட்டுப் பச்சைத் தேயிலையே போதும். நான் செய்தபோது கிணற்று நீர் பழுப்பாகவும் மற்ற இரண்டும் இளம் மஞ்சளாகவும் நின்றன. அதே இலைதான் என்று அண்ணைக்குச் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று.

மூன்றிலும் எனக்குப் பிடித்தது மழைநீர். கார்த்திகை, மார்கழியில் முதல் இரண்டு மூன்று மழை கூரையைக் கழுவிப் போகட்டும். அதற்குப் பிறகு வருவதைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, துணியில் வடித்து, நன்றாகக் கொதிக்கவைத்து, மூடிய போத்தல்களில் வையுங்கள். அஸ்பெஸ்ரஸ் கூரை, பறவை எச்சம் விழும் கூரை என்றால் இந்த வேலையே வேண்டாம்.

மற்ற மாதங்களுக்குச் சுத்திகரித்த நீர். சொந்தக் கேனோடு போய் நிரப்பிக்கொள்ளலாம், லீற்றருக்குச் சில ரூபாதான். அதில் ஒரு குறை: உப்பெல்லாம் எடுபட்ட தண்ணீரில் தேத்தண்ணி தட்டையாக இருக்கும், வாயில் நிற்காது. நான் மூன்று பங்குக்கு ஒரு பங்கு கிணற்று நீர் கலக்கிறேன். ஆனால் தோட்டக் காணிகளுக்கு நடுவே உள்ள கிணறு என்றால் பரிசோதிக்காமல் கலக்காதீர்கள். பசளையால் நைத்திரேற்று கூடிய கிணறுகள் இங்கே உண்டு. கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

கேத்திலில் ஏற்கெனவே கட்டிய பொருக்குக்கு ஒரு தேசிக்காயைப் பிழிந்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, அரை மணி நேரம் விட்டு ஊற்றுங்கள்.

2. சாமான்: குறைவாக வாங்குங்கள்

முதல் மாதத்துக்கு ஒரு கண்ணாடிக் குவளையும் சுடுதண்ணிப் போத்தலும் போதும். குவளையில் இரண்டு கிராம் இலை, மேலே தண்ணீர். இலை அடியில் இறங்கிய பிறகு குடியுங்கள், கால்வாசி மிச்சம் இருக்கும்போது திரும்பத் தண்ணீர் விடுங்கள். சீனாவில் வேலைக்குப் போகிறவர்கள் பலர் இப்படித்தான் நாள் முழுவதும் குடிக்கிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இது பிடித்திருந்தால் மட்டும் அடுத்த நான்கு சாமான்களுக்குப் போங்கள்.

கைவான்: தட்டு, கிண்ணம், மூடி மூன்றும் சேர்ந்த வெள்ளைப் பீங்கான். 100 மில்லிலீற்றர் கொள்வது போதும். 150க்கு மேல் வாங்கினால் தனியே குடிக்கிறவருக்கு இலையும் வீண், தண்ணீரும் வீண். கனடாவில் 10 டொலருக்கு நல்லதே கிடைக்கும்.

தராசு: நகைக்கடைகளில் பாவிக்கிற, 0.1 கிராம் காட்டும் சின்ன டிஜிற்றல் தராசு. எனக்கு 2,000 ரூபாவுக்குச் சற்று மேலே முடிந்தது. இதை வாங்காமல் விட நினைப்பீர்கள், விடாதீர்கள். உருண்டையாகச் சுருட்டிய ஊலொங் (பச்சைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட, பாதி புளித்த வகை) ஒரு தேக்கரண்டி மூன்று கிராமுக்குக் கிட்ட வரும். கசக்காமல் வாட்டி உலர்த்திய, பரந்த வெள்ளைத் தேயிலை அதே கரண்டியில் ஒரு கிராமும் வராது.

கண்ணாடி ஜக்: கைவானிலிருந்து வடித்தவுடன் எல்லாம் ஒரே சாயமாக இருக்க இதில் ஊற்றிவிட்டுத்தான் கோப்பைகளுக்குப் பங்கிடவேண்டும். வீட்டில் மூக்குப்பேணி இருக்கிறதே, மூக்கு வழியே அழகாக ஊற்றலாமே என்று எனக்கும் தோன்றியது. ஊற்றியும் பார்த்தேன். பித்தளை வாசம் தேத்தண்ணியில் ஏறிவிட்டது. பேணி சாமியறைக்குத் திரும்பிப் போனது.

வடி: கண் நெருக்கமான துருப்பிடியாத வடி. தூள் தேயிலைக்குப் பாவிக்கும் துணி வடியைத் தொடாதீர்கள், பழைய சாயத்தின் வாசம் அதில் ஊறியிருக்கும்.

ஊதா மண் தேநீர்ப்பானை என்று ஒன்றைக் காட்டி ஆசை மூட்டுவார்கள். முதல் வருடத்தில் வேண்டவே வேண்டாம். யிஷிங் ஊர் மண் என்று விற்பதில் போலி அதிகம், அசலுக்கும் போலிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க உங்களுக்கும் எனக்கும் தெரியாது. எல்லாம் சேர்த்து 6,000 ரூபாவுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

3. எந்த இலையில் தொடங்குவது

மலையகத்தில் பறிப்பதும் சீனாவில் பறிப்பதும் ஒரே இனச் செடிதான். பறித்த பிறகு வாட்டுவதா, வறுப்பதா, கசக்குவதா, புளிக்கவிடுவதா என்பதில்தான் பெரிய வித்தியாசம். இன்னொன்று, எங்கள் கடைத் தேயிலை பெரும்பாலும் நொறுங்கிய இலை அல்லது தூள். ஒரே ஊற்றலில் எல்லாவற்றையும் கொட்டிவிடும். சீனத்து நல்ல தேயிலை முழு இலை. ஐந்து, ஆறு, சிலது பத்து ஊற்றல் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தரும். விலையை ஒப்பிடும்போது இதை மறக்கக்கூடாது.

எல்லோரும் பச்சைத் தேயிலையில் தொடங்குகிறார்கள். நான் வேண்டாம் என்பேன். சூடு கொஞ்சம் கூடினால் கைத்துவிடும், எங்கள் வெயிலுக்குச் சீக்கிரம் பழுதாகிவிடும். நான் சொல்லும் வரிசை வேறு.

முதலாவது, மல்லிகைத் தேயிலை. எங்களுக்குப் பழகிய வாசம், வீட்டில் எவரும் முகம் சுளிக்கமாட்டார்கள். மல்லிகை மொட்டு இரவில் விரியும்போது தேயிலையோடு சேர்த்துப் பரப்பி, வாசம் ஏறியதும் பூவை நீக்கிவிட்டு, மறுபடி புதுப் பூவோடு பரப்புவார்கள். நல்ல வகைக்கு இதைப் பல இரவுகள் செய்வார்கள். அதனால் பொதிக்குள் காய்ந்த பூ நிறையக் கிடந்தால் அது உயர்ந்த சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். வாசம் இலையில் இருக்கவேண்டும். இரண்டாவது ஊற்றலிலேயே வாசம் ஓடிவிட்டால் அது செயற்கை மணம் தெளித்ததாக இருக்கலாம்.

இரண்டாவது, தியென்ஹொங். யுன்னான் மாகாணத்துக் கறுப்புத் தேயிலை, பொன்னிறக் குருத்துகள் கலந்திருக்கும். வெறுந்தேத்தண்ணி குடித்துப் பழகியவர்களுக்கு இதுதான் பாலம். அவித்த வற்றாளங்கிழங்கின் தோலை உரிக்கும்போது ஒரு வாசம் எழுமே, கிட்டத்தட்ட அது. சீனி இல்லாமலே இனிப்பு இருக்கும்.

இங்கே ஒரு பொறி. நாங்கள் கறுப்புத் தேயிலை என்பதைச் சீனர்கள் சிவப்புத் தேயிலை என்பார்கள். அவர்கள் கறுப்பு என்பது பூஅர் (யுன்னானில் செய்து, பெரும்பாலும் கட்டியாக அழுத்தும் தேயிலை) போலப் புளிக்கவைத்த வேறு வகை. நான் மச்சாளிடம் "கறுப்புத் தேயிலை வாங்கி வாங்கோ" என்று சொல்லிவிட, அவர் கடைக்காரரிடம் அப்படியே கேட்டு, செங்கல் மாதிரி ஒரு கட்டியோடு வந்து நின்றார். உடைக்கச் சாவகச்சேரிக் கத்தி வேண்டியிருந்தது.

மூன்றாவது, ஊலொங். ஃபூஜியன் மாகாணத்து ஆன்ஷியிலிருந்து வரும் தியெகுவான்யின். மிளகளவு உருண்டை, வெந்நீர் பட்டதும் விரிந்து முழு இலையாகும். பச்சையாகச் செய்ததும் உண்டு, வறுத்ததும் உண்டு. இந்த வெயிலில் வறுத்தது நீண்டநாள் தாங்கும். இது பிடித்த பிறகு வூயி மலைப் பாறைத் தேயிலைக்கு, அதாவது அங்கே பாறை நடுவே வளரும் ஊலொங்குக்குப் போகலாம். அதில் பேர்போன வகையான தாஹொங்பாவின் பேரில் பெரிய ஏமாற்று நடக்கிறது. பாறையில் நிற்கும் மூல மரங்களில் 2006 முதல் இலை பறிப்பதே இல்லை. "மூல மரத்து இலை" என்று எவராவது விற்றால் சிரித்துவிட்டு வாருங்கள். கடையில் அந்தப் பேரில் கிடைப்பது கலவை, அல்லது அந்த மரத்தின் வழிவந்த செடியின் இலை. அதிலும் நல்லது இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு பச்சைத் தேயிலை. லொங்ஜிங் என்றால் பயற்றம் பணியாரத்துக்குப் பயறு வறுக்கும்போது வீடெல்லாம் பரவுகிற வாசம். உண்மையாகவே அதுதான், அம்மாவே ஒத்துக்கொண்டார். ஹாங்சோ நகரின் மேற்கு ஏரிப் பகுதியில் விளைவது மட்டுமே மேற்கு ஏரி லொங்ஜிங். மலிவாக அந்தப் பேரில் கிடைப்பது பெரும்பாலும் மற்ற இடங்களில் விளைந்தது. பழகுகிறவருக்கு அது தாராளம்.

பூஅரைக் கடைசியில் வையுங்கள். "ஷெங்" என்பது பச்சையாகச் செய்து வருடக்கணக்கில் முதிரவிடுவது, இளசாகக் குடித்தால் வயிற்றைப் பதம் பார்க்கும். "ஷௌ" என்பது குவித்து ஈரமாக்கி விரைவில் புளிக்கவைத்தது. மாரி தொடங்கி இரண்டாம் நாள் வைக்கோல் போரின் அடியில் ஒரு வாசம் வருமே, அப்படி இருக்கும். பாதிப்பேருக்குப் பிடிக்கும், மற்றவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள்.

4. யாரிடம், எந்த மாதத்தில் சொல்லிவிடுவது

யாழ்ப்பாணக் கடைகளில் நல்ல சீன இலை தேடி நான் களைத்துவிட்டேன். ஆனால் சீனக் கடைக்குப் பக்கத்தில் இருக்கிற சொந்தக்காரர் இல்லாத வீடு இங்கே குறைவு. ஸ்காபரோவில் தமிழரும் சீனரும் ஒரே தெருக்களில்தான் கடை வைத்திருக்கிறார்கள். பாரிஸ் லா சப்பலில் மரக்கறி வாங்குகிற சித்தப்பா மெட்ரோவில் ஏறினால் 13ஆம் வட்டாரச் சீனக் கடைகளுக்குப் போய்விடலாம். சிங்கப்பூரில் மாரியம்மன் கோயிலே சைனாரவுணில்தான் இருக்கிறது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்து நாலு எட்டு வைத்தால் தேயிலைக் கடை.

எப்போது சொல்வது என்பதுதான் முக்கியம். லொங்ஜிங்கின் சிறந்த பறிப்பு ஏப்ரல் 4 அல்லது 5இல் வரும் சிங்மிங் நாளுக்கு முன்னர். எங்கள் சித்திரை வருடப்பிறப்புக்குப் பத்து நாள் முந்தி என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அது வெளிநாட்டுக் கடைகளுக்கு வர மே, ஜூன் ஆகும். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள் கொண்டுவந்தால் அந்த வருடத்து இலை புத்தம் புதிதாகக் கிடைக்கும். மார்கழி விடுமுறைக்கு வருகிறவரிடம் பச்சைத் தேயிலை கேட்காதீர்கள், அரைவருடத்துக்கும் மேலே பழசு. அவரிடம் கேட்கவேண்டியது ஊலொங். தியெகுவான்யினுக்கு இலையுதிர் காலப் பறிப்பும் உண்டு. பாறைத் தேயிலை மே மாதம் பறித்து, மாதக்கணக்கில் கரிச்சூட்டில் வாட்டி, வருடக் கடைசியில்தான் பக்குவப்படும். வெள்ளைத் தேயிலை, பூஅர் இரண்டும் எந்த மாதமும் வரலாம்.

சொல்லும்போது தெளிவாகச் சொல்லுங்கள். "நல்ல சைனீஸ் ரீ ஒண்டு" என்றால் சுப்பர் மார்க்கெற்றில் கிடைக்கும் பைத் தேயிலைதான் வரும். நான் வட்சப்பில் அனுப்புவது இப்படி:

"அக்கா, தியென்ஹொங் 50 கிராம், வறுத்த தியெகுவான்யின் 50 கிராம். பை இல்லாமல் முழு இலையாக. கடைக்காரர் மூடி ஒட்டின பொதி. இந்த வருடம், அல்லது போன வருடம் செய்தது. இரண்டும் சேர்ந்து 25 டொலருக்கு மேலே போனால் வாங்கவேண்டாம். பில் துண்டைக் கவனமாய் வையுங்கோ. சூட்கேசில் சவர்க்காரம், சென்ற் வைக்கிற பக்கம் வைக்காதேங்கோ."

கடைசி வரியைச் சும்மா எழுதவில்லை. கனடாச் சூட்கேசைத் திறந்தால் எழும்புகிற வாசம் உங்களுக்குத் தெரியும். சொக்கிலேற், சவர்க்காரம், சென்ற் மூன்றுக்கும் நடுவில் ஒரு கிழமை கிடந்த வெள்ளைத் தேயிலை எனக்கு வந்தது. ஆறு ஊற்றல் வரை லவெண்டர் மணத்தது.

விலைக் கணக்கும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 100 கிராம் 12 கனடா டொலர் என்றால் ஏறக்குறைய 2,600 ரூபா. ஒரு முறைக்கு 5 கிராம், ஆக 20 முறை. ஒரு முறை 130 ரூபா, அதில் ஆறு சின்னக் கோப்பை. ஒரு கடை வடையும் தேத்தண்ணியும் வாங்குகிற காசுதான். முதல் வருடத்தில் 100 கிராம் 20 டொலருக்கு மேலே போகிற எதையும் தொடாதீர்கள். வித்தியாசம் நாக்குக்குத் தெரிய இன்னும் காலம் வேண்டும்.

5. இணையத்தில் வாங்குவதென்றால்: பார்சல், சுங்கம், கடதாசிகள்

என் ஆலோசனை, முடிந்தவரை வேண்டாம். தேயிலை விளைகிற நாடு இது. வெளித் தேயிலை உள்ளே வருவது கட்டுப்பாட்டில் இருக்கிறது. வியாபாரமாகக் கொண்டுவர இலங்கைத் தேயிலைச் சபையின் அனுமதி வேண்டும். பெரிய பொதியைப் பார்த்தால் வியாபாரத்துக்கோ என்று கேட்பார்கள். அதில் ஆச்சரியமில்லை.

எனக்கு நடந்தது இது. வெளிநாட்டுக் கடையொன்றில் மூன்று பூஅர் வட்டுகள் எடுத்தேன். ஒவ்வொன்றும் 357 கிராம், மொத்தம் ஒரு கிலோவுக்கு மேல். அனுப்பியவர் உதவி செய்வதாக நினைத்து, விலைச்சீட்டை எடுத்துவிட்டு "அன்பளிப்பு" என்று எழுதிவிட்டார். பார்சல் வழியில் நிறுத்தப்பட்டது. விலைச்சீட்டு எங்கே, எதற்கு இவ்வளவு, அனுமதி உண்டா என்று கேள்வி. ஒரு கடிதம், இரண்டு பயணம், ஏழு கிழமை. கடைசியில் பயணச் செலவு தேயிலை விலையைத் தாண்டும்போல இருந்ததால் விட்டுவிட்டேன்.

அப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், காசு கட்ட முதல் சுங்கத்திடம் கேளுங்கள்: இந்த அளவு, சொந்தப் பாவனைக்கு, தபாலில் வரலாமா, என்ன கடதாசி வேண்டும். விதிகள் மாறுகிறவை, போன வருடம் நண்பருக்கு வந்தது என்பது சாட்சியாகாது. கிடைக்கும் பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்குங்கள். வங்கி அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கவேண்டியவை: கடையின் விலைச்சீட்டு அச்சுப் பிரதி (பொருள், எடை, விலை மூன்றும் தெளிவாக), காசு கட்டிய ஆதாரம், பார்சல் இலக்கம், தேசிய அடையாள அட்டையும் அதன் பிரதியும், தபாலில் வரும் அறிவித்தல் துண்டு. விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். வரி போடும்போது அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் மதிப்பெடுப்பார்கள். வற் வரி மட்டும் 18 வீதம், மற்ற வரிகளும் கட்டணங்களும் தனி. 30 டொலர்ச் சாமானுக்கு 25 டொலர் அனுப்பும் செலவென்றால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள்.

பயணப்பையில் கொண்டுவருகிறவருக்கும் இதே ஒழுங்குதான். கடையில் மூடிய பொதி, பேர் ஒட்டியது, துண்டு கூடவே. கேட்டால் இருப்பதைச் சொல்லட்டும். ஒருவரிடம் 200 கிராமுக்கு மேல் நான் கேட்பதில்லை. புறப்பட முன் அவரும் சுங்க விதியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. எங்கள் தேத்தண்ணி ஆசைக்காக அவர் கட்டுநாயக்காவில் நிற்கக்கூடாது.

6. சீன எழுத்துத் தெரியாமல் பொதியைப் படிப்பது

எழுத்துத்தான் தெரியாது, எண் தெரியுமே. முதலில் திகதி: வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் இருக்கும். லொங்ஜிங்கில் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம் என்று இருந்தால் நல்லது. ஓகஸ்ட் என்று இருந்தால் அது பொதி செய்த நாளாக இருக்கலாம், அல்லது கோடைப் பறிப்பு. இரண்டும் உங்களுக்கு வேண்டாம்.

அடுத்தது தர எண், அதாவது எந்த வகைத் தேயிலைக்கான சீனத் தரநியமம் என்று காட்டும் எண். ஜி, பி, ரி (GB/T) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு வரும். லொங்ஜிங்குக்கு 18650, பூஅருக்கு 22111, வெள்ளைத் தேயிலைக்கு 22291, ஆன்ஷி தியெகுவான்யினுக்கு 19598, வூயி பாறைத் தேயிலைக்கு 18745, மல்லிகைக்கு 22292. எண்ணும் பேரும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போனால் உயர்ந்த இலை என்று உத்தரவாதம் இல்லை. பொருந்தாவிட்டால் ஏன் என்று கேட்கலாம். கடையில் நிற்கிற அக்கா படம் எடுத்து அனுப்பினால் நீங்கள் இங்கிருந்தே சொல்லிவிடலாம்.

7. ஊற்றுவது

குவளையில் என்றால் முன்பே சொன்னதுதான். பச்சைக்கும் மல்லிகைக்கும் 80 பாகை, மற்றவற்றுக்குக் கொதித்த தண்ணீர். வெப்பமானி வாங்கவேண்டாம். கொதித்ததை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் ஏறக்குறைய பத்துப் பாகை இறங்கும், இரண்டு தரம் மாற்றினால் பச்சைத் தேயிலைக்குச் சரி.

கைவான் கொஞ்சம் பழகவேண்டிய சாமான். முதல் கிழமை விரல் சுடும். எனக்குச் சுட்டதற்குக் காரணம் விளிம்பு வரை தண்ணீர் விட்டதுதான். கிண்ணம் மேலே விரிகிற இடத்துக்கு ஒரு விரல் கீழே நிறுத்துங்கள். மூடியைச் சற்றுச் சரித்து, இலை வராமல் தண்ணீர் மட்டும் வரும் அளவுக்கு ஒரு கீற்று விடுங்கள். பெருவிரலும் நடுவிரலும் விளிம்பின் இரு நுனிகளில், சுட்டுவிரல் மூடியின் குமிழில். கிண்ணத்தின் வயிற்றை எந்த விரலும் தொடக்கூடாது. தூக்கி, தயங்காமல் ஒரேயடியாகச் செங்குத்தாகக் கவிழுங்கள். பயந்து பயந்து சரித்தால்தான் ஆவி விரலைப் பிடிக்கும். முதலில் பச்சைத் தண்ணீரில் பத்துத் தரம் செய்து பாருங்கள், பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

100 மில்லிலீற்றருக்கு ஊலொங், பூஅர், தியென்ஹொங் ஐந்து கிராம், பச்சை மூன்று. முதல் ஊற்றல் 15 செக்கன், அடுத்தது 15, பிறகு ஒவ்வொன்றுக்கும் ஐந்து பத்துச் செக்கன் கூட்டுங்கள். உருண்டை ஊலொங்குக்கு முதல் ஊற்றல் 25 வைக்கலாம். ஷௌ பூஅருக்கு மட்டும் முதல் தண்ணீரை விட்டவுடன் கொட்டிவிடுங்கள். கைத்தால் நேரத்தைக் குறையுங்கள், சப்பென்று இருந்தால் இலையைக் கூட்டுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஊறிய இலையைத் தொட்டிக் குழாய்க்குள் விடாதீர்கள், முழு இலை அடைத்துக்கொள்ளும். கறிவேப்பிலை மரத்தடியில் கொட்டலாம்.

8. வைத்திருப்பது

என் முதல் தியெகுவான்யினை மூடி இறுக்கமில்லாத ரின்னில் போட்டு அடுப்படி அலுமாரியில் வைத்தேன். பக்கத்தில் அம்மா புதிதாக இடித்து வைத்த மிளகாய்த்தூள். இரண்டு கிழமையில் தேத்தண்ணி கறிவாசம் அடித்தது. இலை மற்ற வாசத்தைப் பஞ்சுபோல இழுக்கும். ஆக, அடுப்படி கூடாது. பூச்சி உருண்டை போட்ட உடுப்பு அலுமாரியும் கூடாது.

பச்சைத் தேயிலையைச் சின்னப் பொதிகளாகப் பிரித்து, காற்று எடுத்து மூடி, பிரிஜ்ஜில் வையுங்கள். பொதியை வெளியே எடுத்தால் அறைச் சூட்டுக்கு வரும்வரை, அரை நாள் என்றாலும், திறக்காதீர்கள். எங்கள் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த இலைமேல் வியர்த்துவிடும். திறந்ததை ஒரு மாதத்துக்குள் முடியுங்கள்.

பூஅரும் வெள்ளைத் தேயிலை வட்டும் மாரியில்தான் ஆபத்தில் இருக்கும். "பூஅருக்குக் காற்று வேண்டும்" என்று எங்கோ படித்துவிட்டுத் திறந்த தட்டில் வைத்தேன். கார்த்திகை மழை பத்து நாள் விடாமல் பெய்தது. கடதாசியை விரித்தபோது உள்ளே வெள்ளைப் பஞ்சு. காற்று வேண்டும் என்றவருடைய ஊர் வேறு. இங்கே ஐப்பசி முதல் தை வரை காற்றுப்புகாப் பைக்குள் வைத்து, நிலத்திலிருந்து உயரத்தில், உள்சுவரோடு வையுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை திறந்து மணந்து பாருங்கள். பூஞ்சணம் கண்டால் தட்டிவிட்டுக் குடிக்காமல் எறிந்துவிடுங்கள். சோளகம் வீசத் தொடங்கிய பிறகு கடதாசிச் சுற்றோடு வெளியே விடலாம்.

9. உடம்பு

வெள்ளிக்கிழமை விரதத்தோடு வெறும் வயிற்றில் இளம் ஷெங் குடித்து, தலை சுற்றிக் கட்டிலில் கிடந்திருக்கிறேன். ஏதாவது சாப்பிட்ட பிறகு குடியுங்கள். எல்லா வகையிலும் கஃபீன் உண்டு, "வெள்ளை என்றால் இல்லை" என்பது பொய். பின்னேரம் ஐந்துக்குப் பிறகு குடித்தால் நித்திரை வராதவர்கள் உண்டு. இரத்தச்சோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கவேண்டாம், உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதைத் தேயிலை குறைக்கும். ஒரு மணி நேரம் விடுங்கள். மெலிய வைக்கும், சீனி வியாதியை மாற்றும் என்று சொல்லி விற்கும் எதையும் வாங்காதீர்கள்.

10. வீட்டாரோடு

சீனி போடக்கூடாது, இப்படித்தான் குடிக்கவேண்டும் என்று வீட்டில் சட்டம் போடாதீர்கள். நான் போட்டுப் பார்த்தேன், மூன்று மாதம் தனியே குடித்தேன். இனிப்பைத் தேத்தண்ணிக்குள் போடாமல் கடித்துக் குடித்தால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. அம்மா இப்போது பின்னேரத்தில் தியென்ஹொங்கின் முதல் மூன்று ஊற்றலையும் பனங்கட்டித் துண்டோடு எடுத்துக்கொள்கிறார். நாலாவதிலிருந்து எனக்கு. "சாயம் போனதெல்லாம் நீ குடி" என்கிறார்.